இரும்பு தைக்க வந்த ராத்தா

மதுரங்குளியில் இருந்து முந்தல் வரைக்கும் வீதியோரத்தில் எத்தனையோ வெல்டிங் கடைகள் உண்டு. இரும்பை ஒட்டத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள், வெட்டத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். இரும்பைத் திட்டியே வழிக்குக் கொண்டுவந்தவர் ஒருவர்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் குரல் கேட்டால் துருப்பிடித்த பைப்பும் நிமிர்ந்து நிற்கும்.

அவருக்கு நல்லதொரு பெயர் இருந்தது. பயிற்சி நிலையத்தில் முதல் நாள் ஒருமுறை கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெயரை யாரும் பாவிக்கவில்லை. எங்களுக்கு அவர் வெல்டிங் ராத்தா. எங்கள் வீடுகளில் அக்கா என்பதை முஸ்லிம் வீடுகளில் ராத்தா என்பார்கள். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்து உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு புத்தளத்துக்கு வந்த சிறுபிள்ளை அவர். தென்னங்கிடுகுக் கொட்டிலில் வளர்ந்து, தகரக் கொட்டிலில் கல்யாணம் கட்டி, நாற்பதை நெருங்கும்போது கல்வீட்டுக்குள் நுழைந்தவர்.

எனக்கு ஊர் உடப்பு. கடலை நம்பிய குடும்பம். எனக்கும் கடலுக்கும் மட்டும் ஒத்துவராது. வள்ளத்தில் கால் வைத்தால் வாந்தி. இரண்டு தரம் கூட்டிப்போய்ப் பார்த்த அப்பா, "இவன் மீனுக்குத் தீன் போடத்தான் சரி" என்று கரையில் இறக்கிவிட்டார். அப்போது நாட்டில் டொலர் இல்லை. பெட்ரோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, எல்லாவற்றையும் விட நீளமாகப் பாஸ்போர்ட்டுக்கு வரிசை. வெல்டிங் படித்தால் கட்டாருக்குப் போகலாம் என்று யாரோ ஊரில் சொல்லிவிட, அப்பா அடுத்த நாளே என்னை மதுரங்குளியில் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்த்துவிட்டார்.

இந்தத் தொழிலுக்குள் நுழைவது கேட்பதற்கு லேசான காரியம். சில மாதம் வகுப்பு, சில மாதம் ஏதாவது வேலைத்தலத்தில் பயிற்சி, பிறகு பரீட்சை, கையில் சான்றிதழ். பெரிய படிப்பு தேவையில்லை. கண்ணும் கையும் நடுங்காமல் இருந்தால் போதும் என்றார்கள். என் கைக்கு வேறு எண்ணம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் நாள் வகுப்பு முழுக்க மீசை முளைத்ததும் முளைக்காததுமான பொடியன்கள். எங்களுக்குப் படிப்பித்த சேர் சிலாபத்துச் சிங்களவர். துறைமுகத்தில் கப்பலுக்கு இரும்பு ஒட்டியவர். தமிழ் தாராளமாகக் கதைப்பார். ஆனால் அவருடைய தமிழில் மரியாதைப் பன்மை கிடையாது. மந்திரி வந்தாலும் 'நீ வா'தான். அவர் பெயர் இடாப்பைத் திறக்கும்போது வாசலில் கறுப்பு ஹபாயாவோடு ஒரு பெண் வந்து நின்றார்.

"நோனா, நீ பிழையான இடம் வந்தது. தையல் கிளாஸ் அந்தப் பக்கம்" என்றார் சேர்.

"தெரியும் சேர். எனக்குத் துணி தைக்க வரும். வீட்டில மெஷின் கிடக்கு. நான் இரும்பு தைக்க வந்தன்."

சேர் பேனையை மூடி வைத்தார். "வீட்டு ஆள் என்ன சொல்றது?"

"வெளியில ஆட்டோவில இருக்கிறார். கேட்டுப் பாருங்க."

சேர் ஜன்னலால் எட்டிப் பார்த்தார். ஆட்டோவுக்குள் இருந்த மெலிந்த மனிதர் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். அது சம்மதமா சரணடைவா என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. சேர் பேனையைத் திறந்து பெயரை எழுதிக்கொண்டார்.

இந்த வயதில் ஏன் இந்த வேலை என்று தேத்தண்ணி நேரத்தில் நான்தான் கேட்டேன். ராத்தா மறைக்கவில்லை. கல்வீடு கட்டி முடிந்ததும் கேட் ஒன்று போட ஆசைப்பட்டாராம். வாழ்க்கையில் முதல் கேட். சந்தியில் பெரிய வெல்டிங் கடை வைத்திருந்த ஹாஜியாரிடம் சொல்லிச் செய்வித்தார். வந்த கேட்டில் பூ இருந்தது, பிறை இருந்தது, அம்புமுனை எல்லாம் இருந்தது. ஒரு பக்கம் மட்டும் நிலத்தில் உரசியது, மறுபக்கம் ஆடு குனியாமல் உள்ளே வரும் அளவுக்குத் தூக்கி நின்றது. ராத்தா போய்ச் சொன்னார். ஹாஜியார் கதிரையில் சாய்ந்தபடியே, "பொம்புளையளுக்கு இதெல்லாம் விளங்காது. ஏலுமெண்டா நீங்களே ஒட்டிப் பாருங்களேன்" என்று சொல்லிச் சிரித்தாராம். கடையிலிருந்த பொடியன்களும் சிரித்தார்களாம்.

"சரி எண்டு சொல்லிட்டு வந்தன் தம்பி," என்றார் ராத்தா. "சொன்னாச் செய்யத்தானே வேணும்."

இப்படித் தொடங்கினால், அந்தப் பெண் எடுத்த எடுப்பிலேயே எல்லாரையும் விழுத்திவிட்டார் என்று நீங்கள் நினைப்பீர்கள். இல்லை. வகுப்பிலேயே ஆக மோசமான கை அவருடையது. வெல்டிங் குச்சி இரும்பில் ஒட்டிக்கொள்வது புதியவர்கள் எல்லோருக்கும் நடக்கும். ராத்தாவுக்கு ஒட்டிக்கொண்டால் மேசையே கூட வரும். நாங்கள் குச்சியை விட்டுவிட்டுச் சேரைக் கூப்பிடுவோம். அவர் விடமாட்டார். "ஆரை இழுக்கிறாய், விடு. உன்னைப்போல எத்தினை பேரைப் பார்த்திட்டன்" என்று இரும்போடு சண்டை பிடிப்பார். பக்கத்துத் தையல் வகுப்பில் மெஷின்கள் நின்றுவிடும். யாரோ குடும்பச் சண்டை என்று நினைத்து அங்கிருந்த பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள்.

உடுப்பு அடுத்த பிரச்சினை. நைலோன் கலந்த ஹபாயாவில் நெருப்புப் பொறி விழுந்தால் உருகித் தோலில் ஒட்டிவிடும். சேர் பருத்தி உடுப்போடு வரச்சொன்னார். நிலையத்தில் இருந்த தோல் மேலங்கிகளோ ஆறடி ஆண்களுக்குத் தைத்தவை. ராத்தா அதைப் போட்டால் ஆளைக் காணமாட்டோம். இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தபோது கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் லொறி மூடும் கித்தான் படங்கில் தைத்த ஓர் அங்கி. உள்ளுக்குப் பருத்தித் துணி, தலைத்துணியின் நுனிகள் உள்ளே செருகி, கழுத்தில் பட்டன். முதுகில் யாரோ ஒரு லொறி முதலாளியின் பெயர் பாதியில் தெரிந்தது. "மழைக்கும் நல்லது" என்றார். நடந்தால் சரசரவென்று சத்தம் வரும். தூரத்தில் கேட்டாலே பொடியன்கள் போனை உள்ளே வைத்துவிடுவார்கள்.

பிறகு கண்ணுக்கு வந்தது வினை. கறுப்புக் கண்ணாடி இல்லாமல் அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. சில மணித்தியாலம் கழித்துத்தான் கண்ணுக்குள் ஒரு வண்டில் மணல் கொட்டினது போல இருக்கும். சேர் தினமும் சொல்வார். நாங்கள் தினமும் தலையாட்டிவிட்டுத் தினமும் எட்டிப் பார்ப்போம். ஒவ்வொருவராக விழுந்தோம். எனக்கு ஊரெல்லாம் வைத்தியம் சொன்னார்கள். வெள்ளரிக்காய் வை, தாய்ப்பால் விடு, வாழைத்தண்டைக் கட்டு. நான் நாலு நாள் இருட்டறையில் படுத்தேன். ராத்தா அடுத்த நாளே வகுப்புக்கு வந்துவிட்டார். இரண்டு கண்ணிலும் உருளைக்கிழங்குத் துண்டு வைத்து, மேலே துணியால் கட்டிக்கொண்டு, புருஷனின் கையைப் பிடித்தபடி.

"நோனா, கண் தெரியாம என்ன படிக்கிறது? நீ வீட்டுக்குப் போ" என்றார் சேர்.

"காது தெரியும்தானே சேர். நீங்க படிப்பிங்க."

அன்று முழுக்க ஒரு மர வாங்கில் உட்கார்ந்து மற்றவர்கள் ஒட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். இடைவேளையில் புருஷன் கண்கட்டை அவிழ்த்துவிட்டு, அந்த உருளைக்கிழங்கை என்ன செய்வது என்று கேட்டார். "எறியாதீங்க, ஆட்டுக்குப் போடுவம்" என்றது பதில்.

வெட்டப் பழகும் வாரம் வந்தபோது நிலையத்தில் பழைய இரும்பு தீர்ந்துபோயிற்று. சேர் கையைப் பிசைந்தார். "நான் கொண்டு வாறன்" என்றார் ராத்தா. மறுநாள் காலை ஓர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் வந்து இறங்கியது ஹாஜியாரின் கேட். பூவை ஒருவன் வெட்டினான், பிறையை ஒருவன் வெட்டினான். எனக்கு அம்புமுனைகள். வகுப்பே பெருநாள் போல இருந்தது.

கதை சந்திக்குப் போகாமல் இருக்குமா. மத்தியானத்துக்கு முன்னமே ஹாஜியார் வந்து நின்றார். நல்ல வெள்ளைச் சட்டை, நல்ல கோபம்.

"என்னா இது? நான் செஞ்ச கேட்டைத் துண்டு துண்டா வெட்டிப் போட்டீங்களாம்?"

"ஓம் ஹாஜியார்" என்றார் ராத்தா, முகக்கவசத்தைத் தூக்கி. "எப்படி ஒட்டினீங்க எண்டு பார்த்துப் படிப்பம் எண்டு வெட்டினம். உள்ளுக்கு ஒண்டையும் காணல்ல."

ஹாஜியார் சேரைப் பார்த்தார். சேர் ஒரு துண்டை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒட்டு உள்ளே இறங்காமல் மேலோடு நின்றிருந்த பக்கத்தை அவரிடம் திருப்பிக் காட்டினார். ஹாஜியார் போய்விட்டார். வீட்டு வாசலில் கேட் இருந்த இடத்தில் ராத்தா ஒரு நைலோன் கயிறு கட்டிக்கொண்டார்.

வகுப்பு முடிந்து வேலைத்தலப் பயிற்சிக்கு இடம் தேடும் காலம் வந்தது. இதுதான் இந்தத் தொழிலின் உண்மையான கதவு. என்னை முதலில் எடுத்துக்கொண்டவர் ஹாஜியார். நான் போடும் ஒட்டு பார்க்க வடிவாக இருக்கும் என்று சேர் சொல்லியிருந்தார். ராத்தாவை யாரும் எடுக்கவில்லை. ஒரு கிழமை முழுக்க ஆட்டோவில் கடை கடையாக ஏறி இறங்கினார். முதல் இரண்டு நாளும் நானும் கூடப் போனேன். ஒரு கடையில் கழிப்பறை இல்லை என்றார்கள். ஒரு கடையில், "எங்கட பொடியன்மார் கதைக்கிற கதை சரியில்ல, உங்களுக்கு ஒத்துவராது" என்றார்கள். "நான் கதைக்கத் தொடங்கினா அவங்க நிப்பாட்டிருவாங்க, நீங்க பயப்படாதீங்க" என்றார் ராத்தா. அவர்கள் அதற்கும் பயந்தார்கள். இன்னொரு கடையில், ஆள் போதும் என்று சொன்னவரின் தலைக்கு நேர் மேலே 'வெல்டர்மார் தேவை' என்று பலகை தொங்கியது. ராத்தா ஒரு ஸ்டூலில் ஏறி அதைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார்.

"ஆள் போதுமெண்டா இது என்னத்துக்கு வெளியில? பாவம், ஆராவது நம்பி வருவாங்க."

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். கையுறையை மடியில் வைத்து விரல் விரலாக நீவிக்கொண்டிருந்தார். புருஷன் கண்ணாடியால் பார்த்து, "வீட்டுக்குப் போவமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அடுத்த கடைக்குப் போங்க" என்றார்.

ஒரு கடையும் கிடைக்காமல் கிழமைகள் போயின. பயிற்சி இல்லாவிட்டால் பரீட்சை இல்லை. அந்த வருடம் தவறினால் வகுப்பையும் திரும்பத் தொடங்க வேண்டும் என்று சேர் சொல்லிவிட்டார்.

இப்படியிருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை நேரம். மதுரங்குளியில் அந்த நேரத்தில் ஒரு ஆணியும் அடிபடாது. கடைகள் பூட்டி, ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலில், போன்கள் எல்லாம் அணைந்திருக்கும். ஹாஜியாரின் கடையில் காவலுக்கு நான் மட்டும். நான் முஸ்லிம் இல்லாததால் வெள்ளிக்கிழமைகளில் எனக்கு அந்தப் பதவி.

அப்போது ஒரு கெப் வண்டி புழுதியோடு வந்து நின்றது. முந்தல் பக்கத்து இறால் பண்ணை ஒன்றின் மெனேஜர் குதித்து இறங்கினார். குளத்துத் தண்ணீரை அடித்துக் காற்றேற்றும் சக்கரங்கள் அவர்களிடம் உண்டு. அவற்றைச் சுழற்றும் நீண்ட இரும்புத் தண்டு நடுவில் முறிந்துவிட்டதாம். வெயில் அடித்தால் குளத்துப் பாசி விடும் காற்றில் இறால் கொஞ்சம் தாங்கும். நாலைந்து நாளாக மழை மூட்டம், குளத்துப் பாசியும் செத்துப்போயிருந்தது. அடுத்த கிழமை பிடிக்க இருந்த இறால் முழுக்க மூச்சுக்குத் திணறி மேலே வரத் தொடங்கிவிட்டது. பண்ணையில் வெல்டிங் மெஷின் இருந்தது. அதன் வெல்டரும் ஜும்ஆவுக்குப் போய்விட்டார்.

"நீ வெல்டர்தானே? ஏறு தம்பி, கெதியா."

கெதியா என்ற சொல்லைக் கேட்டால் என் கை நடுங்கும். வகுப்பில் அமைதியாக இருந்தால் கோலம் போட்டதுபோல ஒட்டுவேன். பக்கத்தில் யாராவது நின்று அவசரப்படுத்தினால் பல் துலக்கவும் வராது. கடையைப் பூட்டி வண்டியில் ஏறினேன். ஆனால் நேரே பண்ணைக்குப் போகவிடவில்லை. கை நடுங்காத வெல்டர் ஒருவரை வழியில் ஏற்றுவோம் என்று சொல்லிவிட்டு, ராத்தாவுக்குப் போன் எடுத்தேன்.

நாங்கள் போகும்போது அவர் கறியை இறக்கி வைத்துவிட்டு, படங்கு அங்கியோடு நைலோன் கயிற்றடியில் நின்றார். ஏறிக் கதவைச் சாத்தினார். மெனேஜர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எங்க வெல்டர்?"

"உங்களுக்குப் பக்கத்தில இருக்கிறாங்க" என்றேன்.

மெனேஜர் ராத்தாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூடிக் கிடந்த கடைகளைப் பார்த்தார். வண்டியை எடுத்தார்.

குளக்கட்டில் வேலையாட்கள் தலையில் கை வைத்து நின்றார்கள். தண்ணீரின் மேல் இறாலின் மீசைகள் தெரிந்தன. பண்ணையில் இருந்த வெல்டிங் குச்சிகள் மழைக் குளிரில் ஈரம் பிடித்துப்போயிருந்தன. ராத்தா அவற்றை அள்ளிக்கொண்டுபோய்க் காவல்காரரின் அடுப்பில், ரொட்டிக் கல்லில் போட்டு வறுத்தார். காவல்காரர் வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு ராத்தா ஈரத்தில் நிற்காமல் பலகையைப் போட்டுக்கொண்டு, என்னைக் கிரைண்டரால் துருவை எடுக்கச் சொன்னார். முறிந்த தண்டை நான் பிடிக்க, அவர் ஒட்டினார். தூக்கிப் பார்க்கும்போதே ஒட்டு மளுக்கென்று விட்டுப்போயிற்று.

"மேடம், இறால் மேல வருது, கெதியாப் பாருங்க" என்றார் மெனேஜர்.

"நீங்க அங்க போய் இறாலோட கதைங்க. இங்க நான் இரும்போட கதைக்கிறன்."

கதைத்தார். அந்தத் தண்டு அவ்வளவு பேச்சைத் தன் ஆயுளில் கேட்டிருக்காது. முறிந்த கைக்கு மட்டை வைத்துக் கட்டுவதுபோல, முறிவைச் சுற்றிலும் கோண இரும்புத் துண்டுகளை வைத்து ஒவ்வொன்றாக ஒட்டினார். நான் கண்ணை இறுக மூடி, முகத்தைத் திருப்பி, பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருந்தேன். முடிந்தபோது பார்த்தேன். வடிவென்று சொல்ல மாட்டேன். காகக் கூட்டம் ஒன்று அந்த இடத்தில் இரவு தங்கிப்போனது போல இருந்தது. தண்டைப் பூட்டி எஞ்சினைப் போட்டார்கள். சக்கரம் ஒரு தரம் உதறியது, பிறகு சுற்றியது. தண்ணீர் வெள்ளையாகத் தெறித்தது. அது நிற்கப் போகிறதா என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மீசைகள் தண்ணீருக்குள் இறங்கின.

தொழுகை முடிந்து போனைத் திறந்தவர்கள் அப்போதுதான் வந்து சேர்ந்தார்கள். மோட்டார் சைக்கிளில், தொப்பியோடு, ஹாஜியாரும். கொஞ்ச நேரத்தில் எஞ்சினை நிறுத்தச் சொல்லி, குனிந்து அந்த ஒட்டைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். திரும்பத் தட்டினார். பிறகு நிமிர்ந்தார்.

"வடிவா இல்ல" என்றார்.

"ஓம். வடிவுக்கெண்டு நீங்க ஒரு கேட் செய்தீங்கதானே" என்றார் ராத்தா.

மெனேஜர்தான் முதலில் சிரித்தார். ஹாஜியார் கொஞ்சம் பிந்திச் சிரித்தார். ஆனால் இந்த முறை கதிரையில் சாய்ந்து சிரிக்கவில்லை, சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்து சிரித்தார்.

ராத்தாவின் பயிற்சிக் காலம் அந்தப் பண்ணையிலேயே கழிந்தது. கழிப்பறையும் இருந்தது. பரீட்சையில் நான் முதல் தரமே சித்தியடைந்தேன். ராத்தா சித்தியடையவில்லை. வடிவு போதாதாம். அவரைத் தேற்றலாம் என்று வெளியே அவர் இருந்த வாங்கில் போய் உட்கார்ந்தேன். அவர் பாட்டுக்கு விரலை மடித்து, "அடுத்த பரீட்சை எப்ப தம்பி?" என்று கேட்டார். அடுத்ததில் சித்தியடைந்தார். நான் கட்டாருக்குப் போகவில்லை. அதே பண்ணையின் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறேன். யாரும் பக்கத்தில் நின்று அவசரப்படுத்துவதில்லை.

இப்போது வீதியோரத்தில் ராத்தாவுக்குச் சொந்தக் கடை. சில நாட்களில் உம்மாமார் மகள்மாரைக் கூட்டிக்கொண்டு வந்து, இந்த வேலைக்கு எப்படிச் சேர்வது என்று கேட்பார்கள். ஒரு தடவை நானும் இருந்தேன். ராத்தா அந்தப் பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார்.

"பருத்தி உடுப்புப் போடு. வெளிச்சத்தை எட்டிப் பார்க்காத. மிச்சம் அங்க படிப்பிப்பாங்க. ஆரும் உன்னைத் தையலுக்குப் போகச் சொன்னா, அந்த இடத்தை விட்டு அசையாத. அவ்வளவுதான்."

போன மாதம் நான் பஸ்ஸில் போகும்போது அவருடைய கடைக்கு எதிரே ஆள் ஏற்ற நிறுத்தினார்கள். அவர் எதையோ ஒட்டிக்கொண்டிருந்தார். தற்செயலாகக் கவசத்தைத் தூக்கியவர் ஜன்னலில் என்னைக் கண்டுவிட்டார். வீதிக்கு இந்தப் பக்கம் வரைக்கும் கேட்கும்படி, "சாப்பிட்டியா தம்பி? மெலிஞ்சு போயிட்டாய்" என்றார். பஸ் முழுக்கத் திரும்பி என் உடம்பை அளந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார், வெளியே படங்கு அங்கியைப் பார்த்தார்.

"அது ஆர் தம்பி, உங்கட சொந்தமா?"

"எனக்கு அக்காமார் மூணு பேர் இருக்கிறாங்க" என்றேன். "ராத்தா இவங்க ஒருத்தர்தான்."